றிப்போட்டில் 60% என்றால் பரவிவிட்டதா?

களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். றிப்போட்டில் பீடி-எல்-1 60% என்றிருக்கிறது. 60 வீதம் பரவிவிட்டதா?"

இல்லை. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. நுணுக்குக்காட்டியில் எண்ணிய புற்றுக் கலங்களில் 100க்கு 60 கலங்களின் மென்சவ்வில் பீடி-எல்-1 என்ற புரதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கெட்டுப்போன கலத்தை ரீ-கலம் என்ற வெண்குருதிக் கலம் கண்டுபிடித்துக் கொல்லும் என்பது பள்ளிப் பாடம். ரீ-கலத்தின் மேல் பீடி-1 என்றொரு வாங்கியும் உண்டு. பீடி-எல்-1 அதில் பொருந்தியதும் உட்பக்கத்தில் ஷிப்-2 என்ற நொதியம் வந்து ஒட்டி, ரீ-கலத்தை உசுப்பிவிட்ட பொசுபேற்றுக்களைக் கழற்றிவிடுகிறது. ரீ-கலம் புற்றுக்குப் பக்கத்திலேயே கைகட்டி நிற்கும்.

அழகு இனித்தான். பல கட்டிகளில் இந்தப் புரதத்தை வரவழைப்பதே ரீ-கலம்தான்! தாக்க வரும்போது அது இன்டர்பெரோன் காமா என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கிறது. புற்றுக் கலம் அதை வாங்கியதும் ஜாக், ஸ்டாற் புரதங்கள் வழியே கருவுக்குச் செய்தி போய், பீடி-எல்-1 பரம்பரையலகு விழித்துக்கொள்கிறது. வேளாண்மைக் காவலில் யானைவெடி கொளுத்தினால், காவல்காரன் இருக்கும் இடம் யானைக்கும் தெரிந்துவிடுகிறதல்லவா, அப்படி.

ஆகவே உயர்ந்த எண், பெரும்பாலும் நிர்ப்பீடனப் படை அங்கே வந்து சேர்ந்ததன் தடயம். பெம்புரோலிசுமாப் என்ற பிறபொருளெதிரி பீடி-1ஐ மூடிவிட்டால் அந்தப் படை மீண்டும் எழும்பலாம். 50 வீதமோ அதற்கு மேலோ என்றால் கீமோ இல்லாமல் அதை மட்டும், 3 கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் ஏற்றுவதுண்டு.

ஆனால் ஈஜீஎஃப்ஆர், ஏஎல்கே என்ற பரம்பரையலகுகளில் மாற்றங்கள் உள்ள கட்டி இந்தப் புரதத்தை உள்ளிருந்தே கூட்டிவிடும். அங்கே ரீ-கலங்கள் குறைவு, ஊசி பிடிப்பதும் அரிது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் குளிசைதான் முதல் மருந்து. புகைக்காதவர்களில் ஈஜீஎஃப்ஆர் விகாரம் அதிகம். அவசரப்பட்டு ஊசியை ஏற்றிவிட்டு உடனே ஒசிமேற்றினிப் குளிசைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடும், ஊசிமருந்து உடம்பில் கிழமைக்கணக்கில் தங்குவதால்.

எண் பிழைப்பதும் உண்டு. குறைந்தது 100 புற்றுக் கலங்களாவது வேண்டும். சதைத்துண்டு 10 வீதப் போமலினில் 6 முதல் 48 மணித்தியாலம் ஊற வேண்டும். குறைந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது. வெட்டிய தகடுகளை மாதக்கணக்கில் வைத்தால் நிறம் மங்கும், ஆகவே தூர இடத்துக்கு மெழுகுக் கட்டியாகவே அனுப்புவது நல்லது. பக்கத்திலிருக்கும் பெருந்தின்கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களிலும் பீடி-எல்-1 உண்டு. அவற்றைச் சேர்த்து எண்ணினால் வீதம் பொய்யாக ஏறும்.

"கத்தி பட்டால் புற்று பரவும்" என்று, சதைத்துண்டு எடுக்கும் பயொப்சிக்குப் பயந்து மாதக்கணக்கில் நூல் கட்டிக்கொண்டிருப்பது எங்கள் பகுதியில் உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. ஊசித்தடத்தில் கலங்கள் ஒட்டுவது மிக மிக அரிது. பயொப்சிக்குக் காத்திருக்கும் மாதங்களில் கட்டி வளர்வதோ நிச்சயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1992இல் கியோற்றோவில் தசுக்கு ஹொஞ்சோவின் குழு பீடி-1ஐக் கண்டது, கலங்கள் தாமாகச் சாவது எப்படி என்று தேடியபோது. 2018இல் அவருக்கு நோபல் பரிசு. "உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குக் காசு மறுப்பது பெரும் தவறு.

அப்பாவின் றிப்போட்டில் ஈஜீஎஃப்ஆர், ஏஎல்கே முடிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், ஊசி ஏற்றுவதற்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள்.