கூரை வழியே இறங்கும் சூட்டை எப்படி அளக்கிறார்கள்?

மே மாதத்தில் ராமநாதபுரம் கடலோர ஊர்களான மண்டபத்திலோ கீழக்கரையிலோ ராத்திரி எட்டு மணிக்கு, வெளியே கடல்காற்று வீசும். கான்கிரீட் வீட்டுக்குள் புழுங்கும். பகலெல்லாம் மொட்டைமாடி வாங்கிய சூடு தளத்தைக் கடக்கச் சில மணி நேரம் ஆவதால், அப்போதும் அது கீழே இறங்கிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்கத்தான் தெர்மாகோல், கண்ணாடிப் பஞ்சு எல்லாம் விற்கிறார்கள். அவை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் பொருளைச் சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவில் வைத்து, வெப்பநிலை நிலைக்கும்வரை காத்திருப்பார்கள். அப்புறம் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடக்கிறது என்று அளப்பார்கள். ஓரமாக வெப்பம் கசிந்தால் கணக்கு கெட்டுவிடும். அதனால் சூடான தட்டைச் சுற்றி அதே சூட்டில் ஒரு காப்பு வளையமும் இருக்கும். இரு பக்கத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால், 12 சென்டிமீட்டர் கான்கிரீட் வழியே சுமார் 250 வாட் கடக்கும். 5 சென்டிமீட்டர் தெர்மாகோல் வழியே சுமார் 14 வாட்தான்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தெர்மாகோலுக்குள் அடைபட்ட அசையாத காற்று. பனை ஓலைக் கூரையின் குளுமையிலும் அதற்குப் பங்கு உண்டு.

ஆனால் அந்த 14 வாட், காய்ந்த பொருளின் கணக்கு. நம் கரையில் காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். ஏசியை 24-ல் வைத்த அறையின் கூரைக்குள் ஈரக்காற்று புகுந்தால் கண்ணாடிப் பஞ்சு நனையும். அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஈர அறையில் வைத்து, எடை எவ்வளவு கூடியது என்று பார்த்து, மறுபடி அளக்க வேண்டும். இது லேசான வேலையில்லை: சூடான பக்கத்து ஈரம் ஆவியாகிக் குளிர்ந்த பக்கத்தில் படிந்து, போகிறபோக்கில் வெப்பத்தையும் சுமந்து செல்வதால் அளவு நிலைக்கவே நேரமாகும்.

வீட்டிலும் அளக்கலாம். கூரையின் அடியில் வெப்ப ஓட்டத்தை அளக்கும் சிறு வில்லை ஒன்றை ஒட்டி, மேலும் கீழும் வெப்பநிலை உணரிகளை வைத்து, சில நாள் இரவும் பகலும் பதிவு செய்வார்கள். உச்சிவெயிலில் மட்டும் அளந்தால் தடுப்புப் போட்ட கூரையும் போடாத கூரையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியக்கூடும். வித்தியாசம் துலங்குவது மாலை மங்கிய பிறகுதான்.