பெயரைச் சொல்லவில்லை, ஆனாலும் ஊருக்கே தெரிந்துவிட்டது

போக்சோ வழக்கில், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்படி வரும் வழக்கில், குழந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது என்று இன்று எல்லாருக்கும் தெரியும். நான் அரசு வானொலிக்கு மாவட்டச் செய்திகள் தர ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. பார்த்த வரையில், பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. பெயரைத் தவிர மற்றதையெல்லாம் சொல்லிவிடுபவர்கள்தான் அதிகம்.

காவல்துறையின் பிரஸ் நோட் வாட்ஸ்அப்பில் வரும். இன்ன ஊராட்சி, அரசு நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு மாணவி, தந்தை கொத்தனார் என்று சில நேரம் அதில் இருக்கும். சென்னையில் கேட்பவருக்கு இது யாரோ ஒரு பெண். அந்த ஊராட்சியிலோ நடுநிலைப் பள்ளியே ஒன்றுதான். டீக்கடையில் டீ ஆறுவதற்குள் யார் வீட்டுப் பிள்ளை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. பெயர், முகவரி, படம் மட்டுமின்றி குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்தத் தகவலும் வெளியாகக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊடக உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பாவார். "போலீஸ் கொடுத்ததைத்தானே போட்டோம்" என்பது பதிலாகாது. குழந்தையின் நலன் கருதி, காரணத்தை எழுத்தில் பதிந்து, சிறப்பு நீதிமன்றம்தான் அனுமதி தர முடியும்.

கைதானவர் உறவினராக இருந்தால் சிக்கல் கூடுகிறது. சித்தப்பா என்றும் சொல்லி அவர் பெயரையும் சொன்னால் குழந்தையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். நான் உறவு, பெயர் இரண்டையுமே விட்டுவிடுவேன். மாவட்டம், வழக்குப் பிரிவு, கைது, நீதிமன்றக் காவல், இவ்வளவு போதும். டெஸ்க்கில் "செய்தி மொட்டையாக இருக்கிறதே" என்பார்கள். இருக்கட்டும்.

வானொலிக்கு என்றே சில ஆபத்துகள் உண்டு. குரலின் சுருதியை மாற்றிவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறார்கள். பேச்சின் இழுவையும், வாக்கியத்துக்கு வாக்கியம் வந்து விழும் ஒரு சொல்லும் போதும், தெருக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் தாயின் பேட்டியை ஒலிபரப்பாமல், அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்வதே நல்லது. பின்னணி ஒலியையும் கவனிக்க வேண்டும். மற்ற செய்திகளில் கோயில் மணியும் பேருந்துச் சத்தமும் உயிர் கொடுக்கும். இங்கே, கண்டக்டர் ஊர் பெயரைக் கத்துவது ரெக்கார்டரில் விழுந்திருந்தால் மறைத்ததெல்லாம் வீண்.

சில பெற்றோர் கோபத்தில், "பெயரைப் போடுங்க தம்பி, அப்பதான் நியாயம் கிடைக்கும்" என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் இந்த வழக்குகளில் பெற்றோரின் சம்மதம் போதாது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் தடை தானாக நீங்கிவிடாது என்று 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேட்பவர்களுக்கும் ஒன்று. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு செய்தித்தாள், ஒலி-ஒளி ஊடகங்களோடு "பிற தகவல்தொடர்பு" வடிவங்களையும் சேர்த்தே பேசுகிறது. "பகிருங்கள், நீதி கிடைக்கட்டும்" என்று படத்தோடு வரும் ஃபார்வர்டை அழித்துவிடுங்கள். குழந்தைக்கு உதவி வேண்டுமென்றால் 1098-க்கு அழையுங்கள்.

வானொலியில் சொன்னது காற்றோடு போய்விடும் என்ற காலமும் முடிந்துவிட்டது. ஒலிபரப்பான செய்தி இணையத்தில் ஏறி அங்கேயே கிடக்கிறது. சில வருடம் கழித்துத் தீர்ப்பு வரும்போது, பின்னணிக்காக யாராவது பழைய செய்தியைத் தேடி எடுப்பார். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையாகக்கூட இருக்கலாம். அதில் பள்ளியின் பெயர் இருந்தால் தீர்ப்புச் செய்தியிலும் அது அப்படியே வந்துவிடும். அப்போது அந்தப் பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம்.