சென்னை மாடியில் துலிப் ஏன் பூப்பதில்லை?

தாம்பரம் வாசகி ஒருவர் இணையத்தில் துலிப் கிழங்கு வாங்கி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தொட்டியில் நட்டிருக்கிறார். இரண்டு இலை எட்டிப் பார்த்ததோடு சரி. மாசியில் தோண்டினால் கிழங்கு கொழகொழவென்று அழுகிக் கிடந்ததாம். ‘எந்த மாதம் நட்டிருக்க வேண்டும்?’ என்று கேட்கிறார். ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரைத் துலிப் தோட்டத்திலும் பனிக்கு முன்பே நட்டு, மார்ச் கடைசியில் பூப் பார்க்கிறார்கள். மாதத்தில் பெரிய பிசகில்லை. தாம்பரத்தில் குளிர்தான் கிடையாது.

துலிப் கிழங்கின் அமைப்பு வெங்காயத்துடையதுதான். அடியிலுள்ள தட்டு தண்டு, சதைப்பற்றான அடுக்குகள் இலைகள். பள்ளியில் படித்தது, விட்டுவிடுவோம். ஐப்பசி வாக்கில் நல்ல கிழங்கு ஒன்றை நெடுக்காகப் பிளந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். நட்ட நடுவில் முழுப் பூ ஒன்று பொடிசாக உட்கார்ந்திருக்கும்: ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், மூன்று மடலாகப் பிரிந்த சூலகம். மண்ணிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டிருந்த கோடையிலேயே, 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், அது உருவாகிவிட்டது. நெதர்லாந்தில் சில கிழங்குகளை மாதிரிக்கு வெட்டி, சூலகம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மீதியைக் குளிரூட்டுவார்கள்.

பூ தயார் என்றால் குளிர் எதற்கு? அந்தப் பூவைத் தூக்கி நிறுத்தத்தான். தண்டுக்கு வேண்டிய செல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே சுருங்கிக் காத்திருக்கின்றன. அவை நீள வேண்டும், அவ்வளவுதான். 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரம் கிடந்தால், சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது, ஹார்மோன்களுக்குச் செவிசாய்க்கும் பக்குவம் செல்களுக்கு வருகிறது. பிறகு வெயில் பட்டதும் மொட்டும் இலைகளும் அனுப்பும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டை நீட்டுகிறது. மொட்டையும் இலைகளையும் வெட்டிவிட்டால் தண்டு நின்றுவிடும்; வெட்டிய இடத்தில் ஆக்சின் தடவினால் மறுபடி நீள ஆரம்பிக்கும்! எனக்கு அலுக்காத சோதனை இது.

ஏன் இத்தனை வாரம்? துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசிய மலைகள். நடுக் குளிர்காலத்தில் நாலு நாள் வெயிலடித்ததை நம்பித் தலை நீட்டினால் அடுத்த உறைபனியில் கதை முடிந்தது. நீண்ட குளிரைக் கணக்கு வைத்த செடிகளே பிழைத்தன. சென்னையில் தை மாத இரவில்கூட 20 டிகிரி. அந்தக் கணக்கு தொடங்கவே தொடங்காது. பௌர்ணமியில் நடு, செம்புக் காசு புதை என்று யூடியூபில் சொல்வதெல்லாம் காசுக்குத்தான் கேடு.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா? காய்கறித் தட்டில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் வைக்கலாம். பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளேயிருக்கும் பூவைக் கருக்கிவிடும். இத்தனை பாடுபட்டாலும் நம் ஊர் வெயிலில் குட்டைத் தண்டில் ஒரு பூ வந்து சீக்கிரமே உதிரும். அடுத்த ஆண்டுக்கான கிழங்கு தேறாது, அது பருக்க நீண்ட, இதமான வசந்தம் வேண்டும். டெல்லி சாலையோரத் துலிப்புகளிலும் பெரும்பாலானவை குளிரூட்டி இறக்குமதியானவைதான். ஆண்டுதோறும் இறக்குமதிக்குச் செலவழிப்பதைவிட, இமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூரில் சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு அறிவியல் அமைப்பின் ஆய்வு நிறுவனம் செய்வது போன்ற உள்நாட்டுக் கிழங்கு ஆராய்ச்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வாசகிக்குச் சம்பங்கியைச் சொல்வேன். மெக்சிகோவிலிருந்து வந்தது, குளிர் கேட்காது. 25–30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பொறுக்கி, தோண்டியெடுத்து ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு, ஜூன்–ஜூலையில் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். மூன்று, நான்கு மாதத்தில் பூக்கும். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால் சம்பங்கியும் அழுகும்.