திறப்பைக் கழுத்தில் போட்டிருந்த பிள்ளை

வயிற்றுவலி என்று அடிக்கடி வகுப்பில் சுருண்டு படுக்கும் 11 வயதுச் சிறுமி ஒருத்தியை, கிளிநொச்சிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் என்னிடம் அழைத்து வந்தார். வைத்தியசாலையில் பார்த்தாயிற்று, உடம்பில் குறை இல்லை. (நான் கண்ட இரண்டு மூன்று பிள்ளைகளை ஒருத்தியாக்கி, அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

தகப்பன் இல்லை. தாய் விடியுமுன் ஆடைத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறிவிடுவார். தம்பியை எழுப்பிப் பாடசாலைக்குக் கூட்டிப்போவதும், மாலையில் உலை வைப்பதும் இவள்தான். வீட்டுத் திறப்பு நூலில் கோத்து இவள் கழுத்தில் தொங்கும்.

2006இல் படகேறிப்போன மாமா, தமிழ்நாட்டு முகாமிலிருந்து குடும்பத்தோடு திரும்பி அந்த வீட்டுக்கு வந்தார். மாமி, மூன்று பிள்ளைகள். பாட்டு, சண்டை, சிரிப்பு, இரவு பத்து மணிக்கும் ஓயாத பேச்சு. அன்பான மனிதர்கள். மறுநாளே மாமி அடுப்படியில் இறங்கிவிட்டார். "பாவம் பிள்ளை, இனி நீ ஒன்றும் செய்ய வேண்டாம். போய் விளையாடு" என்றார்.

வயிற்றுவலி அந்தக் கிழமைதான் தொடங்கியது.

நெடுநேரம் பேசாமல் இருந்தவள் கடைசியில் சொன்னது இதுதான்: "மாமி அரிசியைச் சுண்டால் அளப்பதில்லை. கையால் அள்ளிப் போடுகிறார்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். இரண்டு சுண்டு அரிசி, மூன்று பேருக்கு இரவுச் சோறு, மிஞ்சுவது காலையில் பழஞ்சோறு. மாதக் கடைசிவரை வீட்டைத் தாங்கியது அந்தக் கணக்கு. சுமையை இறக்கினோம் என்று பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். அவளோ தன் இடம் போய்விட்டது என்று நினைத்தாள்.

தாய்க்கு இது புரியவில்லை. 2009இல் மெனிக்பாம் முகாமில், 16 வயதில், தம்பி தங்கைகளுக்காகத் தண்ணீர் வரிசையில் நின்றவர் அவர். பொறுப்பான பிள்ளை என்பது அவருக்கு இயல்பான விடயம். அதில் தவறில்லை. தாயோ தகப்பனோ தனியாக வளர்க்கும் வீட்டில் மூத்த பிள்ளை பெற்றோரின் வேலையைச் செய்வது இயற்கைதான், பொறுப்பு வயதுக்குத் தக்கதாகவும் தெளிவாகவும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றார் குடும்ப சிகிச்சை முன்னோடி சல்வடோர் மினுச்சின். திரும்ப வாங்கும்போதும் அதே தெளிவு வேண்டும் என்பேன்.

ஆகவே தாயையே பேசச் சொன்னேன். எல்லோர் முன்னிலையிலும், "இவ்வளவு நாளும் இந்த வீட்டை நடத்தியது இவள்" என்று அவர் சொன்னார். அரிசி அளப்பது அவளிடமே இருக்கட்டும், எத்தனை சுண்டு என்பதை மாமியும் அவளும் சேர்ந்து முடிவுசெய்யட்டும் என்று பேசிக்கொண்டோம். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை அவளே மாமிக்குச் சொல்லிக்கொடுத்தாள். படிக்க ஒரு மூலையும், சத்தமில்லாத ஒரு மணி நேரமும் கேட்டேன். மச்சான் மச்சாள்மாரை யாரும் அதட்டவில்லை. கலகலப்பு குற்றமல்லவே.

இப்படிப்பட்ட பிள்ளைகள் முறையிட மாட்டார்கள். காரணமற்ற வலி, தூக்கமின்மை, தம்பி தங்கை மீது திடீர்க் கோபம் ஆகியவற்றைக் கவனியுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வகுப்பாசிரியரிடமோ மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ பேசுங்கள். 1926 என்ற உளநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

ஆறு கிழமை கழித்து வந்தபோது, மச்சாள்மாரோடு கிளித்தட்டு விளையாடுவதாகச் சொன்னாள். ஓடும்போது திறப்பு நெஞ்சில் அடிக்கிறதாம். கழற்றி மாமியிடம் கொடுத்துவிட்டுப் போவாளாம். வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்வாளாம்.