கடலை உறிஞ்சாத நீர்த்தாரை

1896 ஆகஸ்ட் 19, பகல் ஒரு மணி வாக்கில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள காட்டேஜ் சிட்டி என்ற தீவு நகரில் கோடை விடுமுறைக்கு வந்திருந்தவர்கள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரே வைன்யார்ட் சவுண்ட் நீரிணை. கருமேகத்தின் அடியிலிருந்து நீர்த்தாரை எனப்படும் ஒரு நீண்ட குழாய் இறங்கிக் கடலைத் தொட்டது. சற்று நேரத்தில் கரைந்தது, மறுபடி இறங்கியது, அப்புறம் மூன்றாம் முறையும் வந்தது. நடுவில் வந்ததுதான் பெரியது.

கண்ணாடித் தகட்டில் படமெடுத்த காலம் அது. நல்லவேளை, உல்லாச ஊரானதால் புகைப்படக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தப் படங்களை வைத்து அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் பிகலோ கணக்குப் போட்டு, 1906இல் வெளியிட்டார். குழாயின் உயரம் 3,600 அடி. மேகத்தோடு சேரும் இடத்தில் அகலம் 840 அடி, இடுப்பில் 144, கடல்மட்டத்தில் 240. அடியில் கொந்தளித்த நீர்த்திவலைகள் மட்டும் 420 அடி உயரத்துக்கு எழும்பியிருந்தன.

இதில் கடைசி எண்ணைக் கவனியுங்கள். கடல்நீர் என்று சொல்லக்கூடியது அந்த 420 அடிதான். மொத்த உயரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. மேலே தெரிந்ததெல்லாம் வெறும் மேகம். வானம் கடலை உறிஞ்சிக் குடிப்பதுபோலக் கண்ணுக்குத் தெரிந்தாலும், அந்தக் குழாய்க்குள் கடல்நீர் ஏறவில்லை.

சரி, மேகம் எப்படிக் குழாயாகிறது? வெதுவெதுப்பான கடலுக்கு மேல் குளிர்ந்த காற்று வந்து கவிந்தால், கடலை ஒட்டிய ஈரக்காற்று விறுவிறுவென்று மேலே ஏறும். எதிரெதிராக வீசும் காற்றுகள் உரசும் இடத்தில் லேசான சுழற்சி ஏற்கெனவே இருக்கும். ஏறும் காற்று அந்தச் சுழற்சியை மேல்நோக்கி இழுத்து நீட்ட, அது ஒடுங்குகிறது. ஒடுங்க ஒடுங்க வேகம் கூடுகிறது. சுழலும் காற்று வெளிப்பக்கமாக விலகப் பார்ப்பதால் நடுவில் அழுத்தம் குறைகிறது. அங்கே நுழையும் காற்று விரிந்து குளிர்கிறது, அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் அதன் கழுத்தில் ஒரு கணம் மெல்லிய புகை தெரியுமே, அதே சங்கதிதான்.

மேகத்தை ஒட்டிய உயரத்தில் காற்று ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால், அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே போதும், துளிகள் உருவாகிவிடும். கீழே வரவர அழுத்தம் இன்னும் அதிகமாகக் குறைய வேண்டும். அதனால் குழாய் முதலில் மேலே தெரிந்து, சுழல் வலுக்க வலுக்கக் கீழ்நோக்கி நீள்கிறது. குழாய் இறங்குகிறது, அதைச் சுற்றிய காற்றோ ஏறிக்கொண்டிருக்கிறது! இந்த முரண்தான் கரையில் நின்ற அத்தனை பேரையும் ஏமாற்றியிருக்கும்.

ஃபுளோரிடா தீவுகளுக்கு மேல் விமானத்தில் பறந்து நீர்த்தாரைகளை ஆராய்ந்த ஜோசப் கோல்டன் இன்னொன்றையும் கவனித்தார். குழாய் கடலைத் தொடுவதற்கு முன்பே, அதற்கு நேர் கீழே நீர்ப்பரப்பில் வட்டமான கரும்புள்ளி ஒன்று தோன்றிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சுழல் அதற்குள் கடலுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். குழாய் பாதியில் தொங்குவதைப் பார்த்து, இன்னும் நேரமிருக்கிறது என்று படகுக்காரர் நினைத்தால் ஆபத்து.

உயரத்தில் காட்டேஜ் சிட்டி குழாயையும் மிஞ்சியது ஒன்று உண்டு. 1898 மே 16 அன்று ஆஸ்திரேலியாவின் ஈடன் கரையருகே தோன்றியதை, கோணங்களை அளக்கும் தியோடலைட் கருவியால் அளந்தபோது 5,014 அடி வந்தது. அகலம் சுமார் பத்தே அடி.

பெரும்பாலானவை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். பக்கத்தில் மழை கொட்டினால், அதில் குளிர்ந்த காற்று கடல்மீது பரவி, மேலே ஏற வேண்டிய வெப்பக்காற்றைத் துண்டித்துவிடும். குழாய் வளைந்து, இழைபோல் மெலிந்து அறுபடும். அந்தக் காலக் கப்பல்காரர்கள் இதைக் கலைக்க பீரங்கியால் சுட்டதுண்டு. இன்று மாலுமிகளுக்குச் சொல்லப்படும் வழி எளிது: அது நகரும் திசையைப் பார்த்து, அதற்குச் செங்குத்தாகப் படகைத் திருப்பி ஓட்டுங்கள்.