காசு கேட்டால் அது ஆய்வு இல்லை

டூஷென் தசைச்சிதைவு (டிஎம்டி) உள்ள ஒரு பையன். வயது சரி, மரபணு அறிக்கை சரி, நடையும் சரி. ஆனாலும் புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர்க்க முடியவில்லை. எங்கோ காசு கட்டிப் போட்டுக்கொண்ட ‘ஸ்டெம் செல் ஊசி’தான் காரணம். நிரூபிக்கப்படாத செல் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆய்வுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இப்படித் திரும்பிப் போகும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

முறையான ஆய்வில் மருந்துக்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆய்வுக்கென்று எடுக்கும் ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ எல்லாம் நடத்துபவர் செலவு. “எங்கள் ஆய்வு கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் தளத்திலேயே இருக்கிறது” என்று ஊசி விற்பவர்கள் பதிவு எண்ணைக் காட்டுவார்கள். மருத்துவ ஆய்வுகளைப் பட்டியலிடும் அமெரிக்க அரசின் இணையதளம் அது. அதில் பதிவது ஆய்வு நடத்துபவரேதான். பதிவு வேறு, ஒப்புதல் வேறு. காசு வாங்கும் ஸ்டெம் செல் ஆய்வுகளும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்ததுண்டு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, பாதிப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற எழுத்து, இந்த மூன்றையும் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

“ஊசி போட்டதும் நன்றாக ஓடினானே, வீடியோ இருக்கிறதே!” ஓடுவான். ஐந்து வயதில் ஊசி போடாமலே ஓடுவான். டிஎம்டி பையன்களின் இயக்கத்தை அளக்க நார்த் ஸ்டார் அளவுகோல் இருக்கிறது: 17 செயல்கள், மொத்தம் 34 மதிப்பெண். ஸ்டீராய்டு எடுக்கும் பையன்களுக்கு இந்த மதிப்பெண் ஏறத்தாழ ஆறு வயதுவரை ஏறிக்கொண்டுதான் போகும். இறக்கம் அதற்குப் பிறகு. சிதைவை வளர்ச்சி முந்திக்கொள்ளும் காலம் அது. டெலான்டிஸ்ட்ரோஜீன் என்ற மரபணு சிகிச்சையை 4 முதல் 7 வயதுள்ள 125 பையன்களிடம் சோதித்தது எம்பார்க் ஆய்வு. 2023இல் வந்த முடிவுப்படி, ஓராண்டில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 2.6 மதிப்பெண் ஏறினார்கள். மருந்தே பெறாதவர்கள்? அவர்களும் 1.9 ஏறினார்கள். வித்தியாசம் போதாமல் ஆய்வு அதன் முதன்மை இலக்கைத் தொடவில்லை. ஊசி வியாபாரம் முழுக்க அந்த 1.9இல்தான் நடக்கிறது.

மருந்துப்போலி (பார்க்க மருந்துபோலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) வைப்பது இதற்காகத்தான்; குழந்தையை ஏமாற்ற அல்ல. இரு பிரிவினருக்கும் ஸ்டீராய்டு தொடரும். எம்பார்க்கில் போலி பெற்றவர்களுக்கு அடுத்த ஆண்டே உண்மை மருந்தும் கொடுத்தார்கள்.

மரபணு அறிக்கை இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. சிபிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) ஆயிரக்கணக்கில் இருக்கிறது, கெண்டைக்கால் தடித்திருக்கிறது என்பதெல்லாம் போதாது. முதலில் எம்எல்பிஏ, அதாவது மரபணுவில் விடுபட்ட அல்லது இரட்டித்த பகுதிகளைக் காட்டும் சோதனை. அது இயல்பு என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. புள்ளிப் பிறழ்வு (ஓர் எழுத்து மட்டும் மாறும் சிறு பிழை) அதில் தெரியாது, முழு மரபணு வரிசையையும் பார்க்க வேண்டும். அறிக்கையில் எந்த எக்ஸானிலிருந்து (மரபணுவின் எண்ணிட்ட துண்டு) எந்த எக்ஸான்வரை விடுபட்டிருக்கிறது என்று இருக்க வேண்டும். 48 முதல் 50 வரை விடுபட்டிருந்தால் உடல் மரபணுவைப் படிக்கும்போது 51ஐத் தாண்ட வைக்கும் மருந்து பொருந்தும். இப்படிப் பொருந்துபவர்கள் சுமார் 13 சதவீதம்தான். எக்ஸான் 8 அல்லது 9 விடுபட்டவர்களுக்கு மேலே சொன்ன மரபணு சிகிச்சை கூடவே கூடாது. அதுவும் ஒருமுறைதான் போட முடியும், பிறகு உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். அதைப் பெற்ற, நடக்க இயலாத பதின்வயதினர் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தி 2025இல் வந்தது. கையெழுத்துப் போடுமுன் இதையும் கேளுங்கள்.

(சக மருத்துவர்களுக்கு: எஸ்ஜிபிடி (தசை சிதைந்தாலும் ஏறும் கல்லீரல் நொதி) ஏறியிருக்கும் பையனைக் கல்லீரல் நோயாளி என்று முடிவுகட்டுமுன் ஒரு சிபிகே, தசையைச் சாராத கல்லீரல் நொதியான ஒரு ஜிஜிடி பாருங்கள். தயவுசெய்து.)

ஸ்டீராய்டை யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தாதீர்கள். அட்ரீனல் சுரப்பி கைவிட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. ஆய்வில் சேரவும் பெரும்பாலும் மூன்று மாதமாவது மாறாத அளவில் ஸ்டீராய்டு எடுத்திருக்க வேண்டும். பிரெட்னிசலோன் என்றால் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 0.75 மி.கி. என்பது வழக்கமான தொடக்க அளவு. எடை கூடும்போது அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருத்துவரிடம் டிஎம்டி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சக்ஸமெத்தோனியம் என்ற தசைத் தளர்வு மருந்தைக் கொடுத்தால் இதயம் நின்றுபோகக்கூடும்.

ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றா? திட்டமாட்டோம், மறைக்காதீர்கள். தேதி, உள்ளே போன பொருள், டிஸ்சார்ஜ் சீட்டு, எது கிடைத்தாலும் கொண்டுவாருங்கள். சில ஆய்வுகள் குறிப்பிட்ட இடைவெளிக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளும். அந்தத் தேதி தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும்.