நன்கொடைச் சீட்டில் யார் பெயர்?

தேர்தல் ஆண்டுக்கு அடுத்து வரும் வரிப் பருவத்தில், இங்கே அமெரிக்காவில் சிறு தொழில் நடத்தும் நம்மவர்களின் செலவுக் கணக்கில் புதிதாக ஒரு வரி முளைத்திருக்கும். சிலர் அதை ‘விளம்பரம்’ என்று எழுதியிருப்பார்கள், சிலர் ‘வாடிக்கையாளர் விருந்து’ என்று. துருவிக் கேட்டால், பிரதிநிதிகள் சபைக்கு நின்ற உள்ளூர் வேட்பாளருக்கு நிறுவனத்தின் காசோலையில் கொடுத்த நன்கொடை என்று தெரியவரும். “பொங்கல் விழாவுக்கு வந்தாரே சார், அவருக்குத்தான். இதற்கு வரி விலக்கு உண்டல்லவா?” என்பார்கள்.

இல்லை. அரசியல் நன்கொடைக்கு அமெரிக்க வருமான வரியில் ஒரு காசுகூட விலக்குக் கிடையாது. கட்சிக்குப் பணம் சேரும் விருந்தின் டிக்கெட்டுக்கும், கட்சி மாநாட்டு மலரில் போடும் விளம்பரத்துக்கும்கூட இல்லை. ஆனால் நியூ ஜெர்சியில் சி.பி.ஏ.யாக, அதாவது உரிமம் பெற்ற கணக்காளராகத் தொழில் செய்யும் எனக்கு வரியைவிட அந்தக் காசோலைதான் கவலை தருகிறது. அதை யார் கொடுத்தார்கள், யாருடைய பணம் அது என்பதே இந்த நாட்டுத் தேர்தல் சட்டத்தின் முதல் கேள்வி.

டிரம்ப் மீதான நியூயார்க் வழக்கை நம்மவர்கள் தொலைக்காட்சித் தொடரைப் போலப் பின்தொடர்ந்தார்கள். 2024 மே 30 அன்று நடுவர் குழு 34 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றது. நடிகையை வாய்மூட வைக்கக் கொடுத்த பணம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அந்த 34-ஐ எண்ணிப் பார்த்தால் 11 விலைப்பட்டியல், 12 பேரேட்டுப் பதிவு, 11 காசோலை. பணம் கொடுத்தது குற்றச்சாட்டு அல்ல. கொடுத்த பணத்தைப் பேரேட்டில் ‘சட்டச் செலவு’ என்று எழுதியதுதான் குற்றச்சாட்டு.

கணக்காளர்கள் மறக்க முடியாத கணக்கு அது. டிரம்பின் வழக்கறிஞர் மைக்கேல் கோஹன் 2016 தேர்தலுக்குச் சற்று முன் அந்த நடிகைக்குத் தன் பையிலிருந்து கொடுத்தது 1,30,000 டாலர். அதனுடன் வேறொரு வேலைக்கு 50,000 சேர்த்து 1,80,000. கோஹன் இதை வருமானமாகக் காட்டி வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதால் அதை இரட்டித்து 3,60,000. மேலே போனஸ் 60,000. ஆக 4,20,000 டாலர், மாதம் 35,000 வீதம் 2017 முழுவதும் போயிற்று. ஒருவர் நமக்காகச் செலவழித்ததைத் திருப்பித் தந்தால் அது அவருடைய வருமானமே அல்ல. வரிக்கென்று அதை இரட்டிப்பாக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள், அது வேறு ஏதோ ஒன்றாக வேடம் போட வேண்டியிருந்தால் ஒழிய. அரசுத் தரப்பு இதைத்தான் சொன்னது. வழக்கறிஞருக்குக் கொடுத்த பணத்தைச் சட்டச் செலவு என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது என்று டிரம்ப் தரப்பு கேட்டது. 2025 ஜனவரி 10 அன்று, சிறையோ அபராதமோ இல்லாத விடுவிப்பு என்ற தண்டனையுடன் விசாரணை நீதிமன்றத்தில் அது முடிந்தது. டிரம்ப் மேல்முறையீடு செய்தார். அரசியல் தீர்ப்பை அவரவர் சொல்லிக்கொள்ளட்டும். என் வாடிக்கையாளர்களுக்கு இதில் நான் காட்டுவது பேரேட்டின் அந்த ஒரு வரியை மட்டுமே.

தேர்தலில் பெரும்பணம் செலவழிப்பது அமெரிக்காவில் குற்றமல்ல. 2010-இல் உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளரிடமிருந்து தனித்து இயங்கித் தேர்தலுக்குச் செலவழிக்கும் ‘சூப்பர் பேக்’ என்ற குழுக்களுக்கு வரம்பே இல்லாமல் கொடுக்கலாம். 2024-இல் ஈலான் மஸ்க் 25 கோடி டாலருக்கும் மேல் செலவழித்தார். சட்டம் அதைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அது அவருடைய பெயரில் போனது. 2012-இல் தினேஷ் டிசூசா என்ற வலதுசாரி எழுத்தாளர், நியூயார்க்கில் செனட் சபைக்கு நின்ற தன் கல்லூரித் தோழிக்கு உதவ, தெரிந்தவர்கள் பெயரில் 20,000 டாலர் கொடுக்கவைத்து, பிறகு அந்தப் பணத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். தோழி படுதோல்வி அடைந்தார். டிசூசா குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், எட்டு மாதம் கண்காணிப்பு விடுதியில் தங்கலும், 30,000 டாலர் அபராதமும் பெற்றார். 2018-இல் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 25 கோடி குற்றமில்லை, 20,000 குற்றம். இது எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இருப்பது இப்படித்தான்: தொகை அல்ல, பொய்ப்பெயர்தான் ஆளைச் சிக்கவைக்கிறது.

நாம் பினாமி என்போமே, அதேதான். இதில் இந்திய வம்சாவளியினர் மாட்டிக்கொண்டது டிசூசாவோடு நிற்கவில்லை. ஹோட்டல் அதிபர் சந்த் சிங் சத்வால், 2010-இல் பத்மபூஷண் பெற்றவர், தன் ஊழியர்களையும் தன்னிடம் ஒப்பந்த வேலை செய்தவர்களையும் நன்கொடை கொடுக்கவைத்து, அதைத் திருப்பிக் கொடுத்தார். தொகை 1,80,000 டாலருக்கு மேல். சாட்சியைக் கலைக்க முயன்ற குற்றமும் சேர்ந்துகொண்டது. 2014-இல் அவருக்கு 5 லட்சம் டாலர் அபராதமும் மூன்றாண்டு கண்காணிப்பும் விதிக்கப்பட்டன.

இன்னொரு வழக்கைப் படித்தபோது மனம் கனத்தது. கலிஃபோர்னியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அமி பேராவின் தந்தை, மகனின் 2010, 2012 தேர்தல்களுக்குத் தன் வரம்பு முழுவதையும் கொடுத்துவிட்டார். அதற்குமேல் உறவினர்களையும் நண்பர்களையும் கொடுக்கச் சொல்லி, அந்தப் பணத்தை அவர்களுக்குத் தானே தந்தார். மொத்தம் இரண்டரை லட்சம் டாலருக்கும் அதிகம். சுமார் 90 பேருடைய பெயர்கள் இதில் அடிபட்டன. மகனுக்கு இது தெரியும் என்று அரசுத் தரப்பு சொல்லவில்லை. 2016 ஆகஸ்டில், 83 வயதில், ஓராண்டும் ஒரு நாளும் சிறை. பிள்ளைக்காக ஒரு தகப்பன் பணம் செலவழிப்பதில் என்ன தப்பு என்று நம் வீடுகளில் கேட்பார்கள். அவர்கள் கேட்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மகனுக்கே என்றாலும் வரம்புக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அந்த வரம்பைத் தாண்ட மற்றவர் பெயரைக் கடன் வாங்கினால் அது வேறு குற்றமாகிறது.

வரம்பு எவ்வளவு? 2025–26 தேர்தல் சுற்றில் ஒரு தனிநபர் ஒரு கூட்டாட்சி வேட்பாளருக்கு (அதிபர், செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் நிற்பவருக்கு) ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை கொடுக்கலாம். முதனிலைத் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனிக் கணக்கு, ஆக 7,000. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு உண்டு. ஒரு சுற்றில் 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயர், ஊர், தொழில், முதலாளியின் பெயர் எல்லாம் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி ஏறிவிடும். பக்கத்து மேசைக்காரர்கூட பார்க்கலாம். சம்பளத்துக்குப் பொருந்தாமல் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் ஒரே நாளில் உச்ச வரம்புத் தொகையைக் கொடுத்திருந்தால் அது அங்கே பளிச்சென்று தெரியும். செய்தியாளர்கள் அதைத் தேடிப் பிடிப்பது வழக்கம்.

பினாமி நன்கொடை ஓராண்டில் 10,000 டாலரைத் தாண்டினால் இரண்டாண்டு வரை சிறை, 25,000-ஐ எட்டினால் ஐந்தாண்டு வரை. அபராதமோ, சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கில் தொடங்கும். பெயர் கொடுத்தவரும் தப்ப முடியாது; தெரிந்தே தன் பெயரைப் பயன்படுத்த விட்டதும் சட்டமீறல்தான்.

முதலாளிகளிடம் நான் குறிப்பாகக் கேட்பது போனஸைப் பற்றி. தேர்தல் நிதி விருந்து நடந்த மாதத்தில் மூன்று ஊழியர்களுக்கு மட்டும் திடீர் போனஸ் போயிருந்தால், அதற்குக் காரணம் கேட்டே தீருவேன். நியூயார்க் மேயராக இருந்த எரிக் ஆடம்ஸின் தேர்தல் நிதி விவகாரத்தில் மாட்டிய ஒரு கட்டுமான நிறுவன உரிமையாளர் செய்தது இதுதான்: ஊழியர்களைக் கொடுக்கச் சொல்லி, பணத்தை அவர்களுக்குத் திருப்பித் தந்தார். 2025 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நியூயார்க் நகரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நகரவாசி கொடுக்கும் முதல் 250 டாலருக்கு, ஒன்றுக்கு எட்டு என்று நகராட்சி தன் பணத்தைச் சேர்த்துத் தரும். 250 டாலர் பொய்ப்பெயரில் வந்தால் மக்களின் வரிப்பணம் 2,000 டாலர் கூடவே போய்விடுகிறது. ஆடம்ஸ் குற்றச்சாட்டுகளை மறுத்தார். நீதித்துறையே கேட்டுக்கொண்டதன் பேரில் 2025 ஏப்ரலில் அவர் மீதான வழக்கு தள்ளுபடியானது. முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்ட தொழிலதிபரின் வழக்கு அப்படித் தள்ளுபடியாகவில்லை. பெரியவர்கள் தப்பினால் நாமும் தப்பலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி விசாவில் இருப்பவர்கள். கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை கொடுக்கலாம். எச்-1பி, எல்-1 வேலை விசாக்களிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருப்பவர் எந்த மட்டத்துத் தேர்தலுக்கும், பள்ளி வாரியத் தேர்தல் வேட்பாளருக்கும்கூட, ஒரு டாலரும் கொடுக்கக் கூடாது. பத்து வருடமாக வரி கட்டுகிறேனே என்பது வாதமாக நிற்காது. நியூயார்க்கில் தற்காலிக அனுமதியில் வேலை பார்த்த புளூமன் என்ற கனடா நாட்டு வழக்கறிஞர் இதே நியாயத்தைச் சொல்லி வழக்குத் தொடுத்தார். 2011-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் இன்று உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் பிரெட் கவனா. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே உறுதிசெய்தது. விசாவில் இருப்பவர் சம்பளம் வாங்காமல் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போகலாம், தொலைபேசியில் பேசலாம். பிரசாரக் குழு யாருக்கு எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவர் இருக்கக் கூடாது. இணையத்தில் நன்கொடை கொடுக்கும்போது ‘நான் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், இது என் சொந்தப் பணம்’ என்று ஒரு கட்டம் வரும். படிக்காமல் அதை டிக் செய்பவர்கள்தான் அதிகம்.

(வாக்களிப்பது தனிக் கதை. கிரீன் கார்டில் இருந்துகொண்டு தெரியாமல் வாக்காளராகப் பதிவு செய்தவர்கள் நாடு கடத்தல் வரை போயிருக்கிறார்கள். அதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் அல்ல.)

நிறுவனப் பணத்துக்கு வருகிறேன். 1907-இலிருந்தே கார்ப்பரேஷன்கள் கூட்டாட்சி வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கத் தடை. எஸ்-கார்ப் (லாபத்துக்கு உரிமையாளரே தன் கணக்கில் வரி கட்டும் கார்ப்பரேஷன்) என்று பதிவு செய்து ஒரே ஆளாக நடத்தும் மென்பொருள் ஆலோசனை நிறுவனமும் இதில் அடங்கும். எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) என்றால், அது எப்படி வரி கட்டுகிறது என்பதைப் பொறுத்தது: கூட்டாண்மையாக என்றால் பங்குதாரர்களின் வரம்பில் கழியும், கார்ப்பரேஷனாக என்றால் தடை. கூட்டாட்சி அரசிடம் நேரடி ஒப்பந்தம் வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தைத் தனிநபராக, தன் பெயரிலேயே நடத்துபவர் தன் சொந்தப் பணத்தைக்கூடக் கொடுக்கக் கூடாது.

தமிழ்ச் சங்கங்கள் பெரும்பாலும் அறப்பணி அமைப்புகளுக்கான 501(சி)(3) பிரிவில் வரி விலக்குப் பெற்றவை. வேட்பாளரை விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம், போட்டியாளருக்கும் அதே வாய்ப்பைத் தந்தால். அதே மேடையில் அவருக்கு வாக்குக் கேட்பதோ காசோலை திரட்டுவதோ சங்கத்தின் வரி விலக்கையே பறித்துவிடும். பொருளாளர்களுக்கு இதை எழுத்தில் கொடுத்துவிடுவது என் பழக்கம், ஏனெனில் மேடையில் உற்சாகம் ஏறியபின் யாரும் பொருளாளர் பேச்சைக் கேட்பதில்லை.

பொருளாளர் என்றதும், நியூயார்க்கிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான ஜார்ஜ் சாண்டோஸ் ஞாபகம் வருகிறது. கட்சியின் உதவித் திட்டத்தில் இடம்பிடிக்க, உறவினர்கள் கொடுக்காத நன்கொடையைக் கொடுத்ததாகவும், தானே 5 லட்சம் டாலர் கடன் தந்ததாகவும் அறிக்கையில் ஏற்றினார். 2023 டிசம்பரில் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2025 ஏப்ரலில் 87 மாதச் சிறை. அக்டோபரில் டிரம்ப் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். சாண்டோஸுக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டவர் யாரென்றால், அவருடைய பிரசாரக் கணக்கை எழுதிய பொருளாளர்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பழைய நன்கொடை ஏதேனும் உறுத்தினால் என்ன செய்வது? கணக்கைத் திருத்தி எழுதாதீர்கள். தேதியை மாற்றாதீர்கள். பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு ‘யாராவது கேட்டால் இப்படிச் சொல்’ என்று பேசாதீர்கள். சத்வாலுக்கு இரண்டாவது குற்றம் சேர்ந்தது அதனால்தான். தேர்தல் ஆணையத்தில் ஆறு இடங்கள், எதற்கும் நான்கு வாக்கு வேண்டும், 2025-இல் கூட்டம் நடத்தப் போதுமான உறுப்பினர்களே இல்லாமல் போயிற்று என்பதெல்லாம் உண்மை. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. குற்ற வழக்குத் தொடுப்பது நீதித்துறை, அதற்கு ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. தானாக முன்வந்து சொல்பவருக்கு ஆணையம் அபராதத்தைக் குறைக்கும் வழியும் உண்டு.

அந்தப் பேச்சை என்னிடமோ வேறு எந்தக் கணக்காளரிடமோ தொடங்காதீர்கள். குற்ற வழக்கில் வழக்கறிஞரிடம் சொன்னதற்கு உள்ள பாதுகாப்பு கணக்காளரிடம் சொன்னதற்கு இல்லை. நீதிமன்றம் என்னை அழைத்துக் கேட்டால், நீங்கள் சொன்னதை நான் சொல்லியாக வேண்டும். ஆகவே முதலில் தேர்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் அவரே என்னை அமர்த்திக்கொள்ளட்டும்.